‘ஹாவ் ரிப்பெயர்ட்’, ‘ஹாவ் பீன் ரிப்பெயரிங்’: பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஒட்டுசுட்டான் மாலைவகுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகிற ஓர் ஊரில், பொதுநோக்கு மண்டபத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நான் பட்டம் முடித்தது வேறு பாடத்தில். இங்கே ஆங்கிலத்துக்கு ஆள் இல்லாததால் நானே கேட்டு எடுத்துக்கொண்ட வேலை இது. விருப்பத்தோடுதான் செய்கிறேன்.

இந்தக் கிழமை நிகழ்கால நிறைவையும் நிகழ்கால நிறைவுத் தொடரையும் சேர்த்து எடுத்தேன். பிரசன்ட் பெர்ஃபெக்ட் சிம்பிள், பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்ரினியூஸ் என்று பிள்ளைகள் சொல்வது. ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ வந்து, பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் சிம்பிள். ‘ஹாவ் பீன்’ அல்லது ‘ஹாஸ் பீன்’ வந்து, வினை ‘இங்’ என்று முடிந்தால் கன்ரினியூஸ். வசனம் கட்டுவதில் பிள்ளைகளுக்குக் கஷ்டம் இல்லை. எங்கே எதைப் போடுவது என்பதில்தான் எல்லோரும் தடக்குப்படுகிறார்கள். கைடு புத்தகத்தில் இருப்பது ஒரே வரி: முடிந்த வேலைக்கு சிம்பிள், முடியாத வேலைக்கு கன்ரினியூஸ்.

அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், பிந்தி வந்த ஒரு பெடியன் வாசலில் நிற்கிறான். முழங்கை வரைக்கும் கிறீஸ். காலபோக உழவு தொடங்கிவிட்டது, தகப்பனுடைய லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) ஸ்டார்ட் ஆகவில்லை, பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து அதோடு மாரடித்துவிட்டு வந்திருக்கிறான். சரி, அதையே ஆங்கிலத்தில் சொல்லு என்றேன். ‘ஐ ஹாவ் பீன் ரிப்பெயரிங் த லாண்ட்மாஸ்டர்’ என்றான். முன்வாங்கில் இருக்கிற பிள்ளை உடனே எழும்பி, “மிஸ், அவன் வேலையை விட்டிட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறான். அப்ப வேலை முடிஞ்சுது. ‘ஹாவ் ரிப்பெயர்ட்’ என்றுதான் வரவேணும்” என்றாள். “எங்கே முடிஞ்சுது? அது இன்னும் ஸ்டார்ட் ஆகேல்லை” என்றான் அவன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். பெடியன் வேலையை நிறுத்திவிட்டான், ஆனால் மெஷின் திருந்தவில்லை. கைடின் வரியை வைத்து இதை எந்தப் பக்கம் போடுவது? இன்னொன்றும் இருக்கிறது. ‘ஷி ஹாஸ் லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்’, ‘ஷி ஹாஸ் பீன் லிவிங் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்’ என்ற இரண்டுமே சரி என்று ஒரு மாதிரி வினாத்தாளின் விடையில் போட்டிருக்கிறது. அது எப்படி? விதியைப் பாடமாக்கச் சொல்லாமல், பிள்ளைகள் தாங்களே யோசித்துப் போடுகிற மாதிரி ஒரு வழி வேண்டும்.

பரந்தன்சந்தி:

சுருக்கு வழி: ‘சின்ஸ்’, ‘ஃபோர்’ வந்தால் கன்ரினியூஸ். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வந்தால் சிம்பிள். எங்கள் ரியூசன் சேர் இப்படித்தான் சொல்லித் தந்தவர். சோதனை மண்டபத்தில் யோசித்துக்கொண்டு இருக்க நேரம் கிடைக்காது.

முகமாலைக் காற்று:

தங்கச்சி, உங்கள் வகுப்பில் அந்தப் பெடியன் சொன்னதுதான் சரி. ஏன் என்பதைச் சொல்ல முதல், பரந்தன்சந்தி தம்பியின் சுருக்கு வழியைப் பற்றி ஒரு சொல். ‘ஷி ஹாஸ் நோன் மீ சின்ஸ் 2009’ என்பதில் ‘சின்ஸ்’ இருக்கிறது. ‘ஐ ஹாவ் நொட் ஈட்டன் சின்ஸ் திஸ் மோர்னிங்’ என்பதிலும் இருக்கிறது. இரண்டும் சிம்பிள், இரண்டும் சுத்தமான ஆங்கிலம். ‘சின்ஸ்’, ‘ஃபோர்’ இரண்டும் எவ்வளவு காலம் என்பதைச் சொல்லும் சொற்கள், அவ்வளவுதான். அவற்றைக் கண்டவுடன் ‘இங்’ போடப் பழகிய பிள்ளை ‘நோயிங்’ என்று எழுதிவிட்டு வரும்.

நான் ஆசிரியர் இல்லை. கண்ணிவெடி அகற்றும் அணி ஒன்றில் வேலை செய்கிறேன். அணியின் நாளாந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது என் பொறுப்பு. நீங்கள் கேட்ட வித்தியாசம் எங்கள் வேலையில் ஒவ்வொரு நாளும் வருகிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் ஒடுக்கமான லேன் ஒன்றுக்குள் முழந்தாளில் இருந்துதான் நிலத்தைத் தேடுவார்கள். லேனின் முன்முனையில் குறுக்கே ஒரு தடி கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் தேடி முடித்த நிலம், அந்தப் பக்கம் இன்னும் கை வைக்காத நிலம். கொஞ்சம் தேடி முடித்ததும் தடியை அந்தளவுக்கு முன்னே தள்ளி வைப்பார்கள். எங்கள் அணியில் அரைவாசிக்கு மேல் பெண்கள். வெயிலில் முகக்கவசத்துக்குள்ளால் வேர்வை வழிய வழிய ஒரு சாண், இரண்டு சாண் என்றுதான் அந்தத் தடி நகரும்.

இப்போது அறிக்கை. ‘த டீம் ஹாஸ் பீன் கிளியரிங் லேன் த்ரீ சின்ஸ் மண்டே’ என்று எழுதினால், திங்கள் தொடக்கம் அந்த லேனில் வேலை நடக்கிறது என்று மட்டும்தான் வாசிப்பவருக்குத் தெரியும். அதற்குள் கால் வைக்கலாமா என்பதை அந்த வசனம் சொல்லவில்லை. ‘த டீம் ஹாஸ் கிளியர்ட் லேன் த்ரீ’ என்று எழுதினால் அந்த லேன் துப்புரவாகிவிட்டது என்று பொருள். அடுத்த வேலை என்ன என்று அவர் தீர்மானிப்பது அந்த வசனத்தை நம்பித்தான். ஆகவே லேன் முழுவதும் முடிகிற வரைக்கும் இரண்டாவது வசனத்தை எழுத என் கை வராது.

ஆனால் மூன்றாவது வசனம் ஒன்று இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கோ. ‘த டீம் ஹாஸ் கிளியர்ட் டுவெல்வ் மீற்றர்ஸ் ஒஃப் லேன் த்ரீ.’ லேன் முடியவில்லை. நாளைக்கும் வேலை இருக்கிறது. கைடின்படி பார்த்தால் இது முடியாத வேலை, கன்ரினியூஸ் வரவேணும். வராது. ஏனென்றால் தடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த 12 மீற்றர் கையில் கிடைத்துவிட்டது, அதை அளந்து சொல்கிறோம். அளந்தோ எண்ணியோ சொன்னால் சிம்பிள். ‘ஹாஸ் பீன் கிளியரிங் டுவெல்வ் மீற்றர்ஸ்’ என்று யாரும் எழுதமாட்டார்கள்.

அதனால் வேலை முடிந்ததா முடியவில்லையா என்ற கேள்வியை விட்டுவிடச் சொல்லுங்கோ. அதற்குப் பதிலாக, இந்த வசனம் எதைச் சொல்ல வருகிறது என்று கேட்கட்டும். கைக்கு வந்த பலனைச் சொல்ல வந்தால் சிம்பிள். ஆள் எதில் மினக்கெட்டார், எவ்வளவு நேரம் மினக்கெட்டார் என்பதைச் சொல்ல வந்தால் கன்ரினியூஸ்.

உங்கள் பெடியன் எதைச் சொல்ல வந்தான்? ஏன் பிந்தினான், ஏன் கை முழுக்கக் கிறீஸ் என்பதை. அது மினக்கெட்ட கதை. வேலையை இப்போது நிறுத்தியிருந்தாலும் அதன் அடையாளம் முழங்கையில் இருக்கிறது, ஆகவே ‘ஐ ஹாவ் பீன் ரிப்பெயரிங்’ சரியாகப் பொருந்துகிறது. அதே பெடியன் நாளைக்கு மெஷினை ஓட்டிக்கொண்டே மண்டபத்துக்கு வந்தால் ‘ஐ ஹாவ் ரிப்பெயர்ட் த லாண்ட்மாஸ்டர்’ என்று சொல்லலாம். கண் சிவந்து வருகிற பிள்ளையிடம் ‘ஹாவ் யூ பீன் கிரையிங்’ என்று கேட்பதும் இதே மாதிரித்தான். அழுகை நின்றுவிட்டது, அடையாளம் இன்னும் போகவில்லை.

இன்னும் ஒன்று. சில வேலைகளுக்கு நீளம் கிடையாது, ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடும். கண்டெடுப்பது, உடைவது, தொலைப்பது, வெடிப்பது. ‘வீ ஹாவ் ஃபவுண்ட் எ மைன்’ என்றுதான் ஒரு வெடியைக் கண்டால் எழுதுவேன். ‘வீ ஹாவ் பீன் ஃபைண்டிங் மைன்ஸ் அலோங் திஸ் பண்ட்’ என்று எழுதினால் பொருள் மாறிவிடும்: இந்த வரம்போரமாக ஒன்றன் பின் ஒன்றாக அகப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, கவனம். நொடியில் முடிகிற வினைக்குக் கன்ரினியூஸ் போட்டால் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று ஆகிவிடும்.

இரவுக்கடமை:

நான் மருத்துவமனை விடுதியில் தாதியாக இருக்கிறேன். முகமாலை அண்ணா சொன்னதை எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்வியில் வைத்திருப்போம். காய்ச்சலோடு பிள்ளை வந்தால் டொக்டர் கேட்பார்: ‘ஹவ் லோங் ஹாஸ் ஹி பீன் வொமிட்டிங்?’ உடனே அடுத்தது: ‘ஹவ் மெனி டைம்ஸ் ஹாஸ் ஹி வொமிட்டட்?’ எவ்வளவு நேரமாக என்பதற்குக் கன்ரினியூஸ், எத்தனை தரம் என்பதற்கு சிம்பிள். ஒரே பிள்ளை, ஒரே வாந்தி. டொக்டருக்கு இரண்டு பதிலும் தனித்தனியாக வேண்டும். தாய்மார் அநேகமாக ஒன்றைத்தான் சொல்வார்கள், மற்றதை நாங்கள் கேட்டு எழுத வேண்டும். மிஸ், ‘ஹவ் லோங்’, ‘ஹவ் மெனி’ என்று இரண்டு நிரல் போட்டுப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பாருங்கோ, சுலபமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒட்டுசுட்டான் மாலைவகுப்பு:

அண்ணா, தங்கச்சி, இருவருக்கும் மிச்சம் நன்றி. தடியையும் லேனையும் நேற்று வகுப்பில் கீறிக் காட்டினேன். இரண்டு பிள்ளைகளின் தாய்மார் அந்த வேலையில் இருப்பவர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்களே எழும்பி விளங்கப்படுத்தினார்கள். வாந்திக் கேள்வியும் நன்றாக வேலை செய்தது. நான் கேட்காமலே, எவ்வளவு நேரம் மழை பெய்தது, எத்தனை தரம் கரண்ட் போனது என்று தாங்களே வசனம் கட்டினார்கள்.

ஆனால் ‘லிவ்ட்’, ‘லிவிங்’ இன்னும் தொங்கிக்கொண்டு இருக்கிறது. ஓர் இடத்தில் வசிப்பதில் பலன் எது, மினக்கெடுவது எது? அதோடு புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ‘ஹாஸ் பீன்’ என்றால் பின்னால் ‘இங்’ வரவேணும் என்று பிடித்துக்கொண்டு, ‘த ரோட் ஹாஸ் பீன் ரிப்பெயரிங்’ என்று நாலைந்து கொப்பிகளில் எழுதியிருக்கிறார்கள்.

முள்ளியவளை ரீச்சர்:

மகள், இந்தப் பாடத்தைப் பல வருடங்கள் வகுப்பில் எடுத்தவள் நான். இப்போது ஓய்வு. உங்கள் கேள்விக்கு வர முதல், இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றை முதலில் அடைக்கச் சொல்கிறேன். நாங்கள் ‘2012 இல் இருந்து இங்கே இருக்கிறோம்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவோம், தமிழில் அது சரியாகவே இருக்கிறது. அதே பழக்கத்தில் பிள்ளைகள் ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2012’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது நிற்காது. அன்று தொடங்கி இன்றுவரை என்றால் ‘ஹாவ்’ வந்தே ஆகவேணும். ‘லிவ்டா’ ‘லிவிங்கா’ என்று தேர்வது அதற்குப் பிறகுதான். நான் திருத்திய கொப்பிகளில் சிவப்புக் கோடு கூடுதலாக விழுந்தது இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஓட்டை. முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஹாவ்’ வரவே கூடாது. தாய் தகப்பன் சொன்ன கதையை எழுதும்போது பிள்ளைகள் ‘அவர் ஃபாமிலி ஹாஸ் லிவ்ட் இன் எ காம்ப் இன் 2009’ என்று எழுதுவார்கள். 2009 முடிந்துபோன காலம், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமையும் 2012 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். ஆகவே ‘லிவ்ட் இன் எ காம்ப் இன் 2009’, வெறும் இறந்தகாலம். ரயிலையும் உதாரணமாக எடுக்கலாம். 1990 இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. ‘த ட்ரெயின் கேம் பாக் டு கிளிநொச்சி இன் 2013’ என்றுதான் வரும். ‘ஹாஸ் கம் பாக் இன் 2013’ என்று வராது.

இனி உங்கள் ‘லிவ்’. லிவ், வேர்க், டீச், ஸ்டடி, வெயிட் போன்ற சில வினைகளில் ஆள் அந்த நிலையில் இருப்பதும் அதைச் செய்துகொண்டிருப்பதும் ஒன்றுதான். தனியாகப் பிரித்து எடுக்கப் பலன் என்று ஒன்று இல்லை. அதனால் ‘ஃபோர் டென் இயர்ஸ்’ என்று காலம் சொன்னால் இரண்டு வடிவமும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தரும், மாதிரி விடையில் இரண்டையும் சரி என்று போட்டது பிழை இல்லை. ஆனாலும் காது பழகப் பழக ஒரு சாய்வு தெரியும். நிலைத்த இருப்புக்கு சிம்பிள், தற்காலிகத்துக்குக் கன்ரினியூஸ். ‘மை கிராண்ட்மதர் ஹாஸ் லிவ்ட் இன் முள்ளியவளை ஓல் ஹர் லைஃப்.’ ‘வீ ஹாவ் பீன் லிவிங் வித் மை அங்கிள் சின்ஸ் த ஃப்ளட்.’ வெள்ளத்துக்குப் பிறகு மாமா வீட்டில் இருப்பவர்கள் வீடு திருத்தியதும் திரும்பிப் போவார்கள், அதனால் அங்கே ‘லிவிங்’ பொருத்தமாக இருக்கிறது. ‘ஆல்வேய்ஸ்’ என்ற சொல் வந்தால் மட்டும் தயங்க வேண்டாம்: ‘வீ ஹாவ் ஆல்வேய்ஸ் லிவ்ட் ஹியர்’, எப்போதும் சிம்பிள்.

நோ, லைக், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட், பிலோங், ஓன் போன்றவை வேறு சாதி. அறிந்திருப்பதும் உரியதாக இருப்பதும் யாரும் மினக்கெட்டுச் செய்கிற வேலை இல்லை. எவ்வளவு காலம் ஆனாலும் சிம்பிள்தான். எங்கள் ஊரில் இதற்கு நல்ல இடம் காணிக் கடிதம். அயலில் உள்ளவர்கள் என்னிடம் வந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்வார்கள், இப்போதும் வருகிறார்கள். போன கிழமை ஓர் அம்மாவுக்கு, பதில் போடாத ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது, பாருங்கோ:

‘திஸ் லாண்ட் ஹாஸ் பிலோங்ட் டு அவர் ஃபாமிலி ஃபோர் த்ரீ ஜெனரேஷன்ஸ். வீ ஹாவ் ஹாட் எ வெல் ஒன் இட் சின்ஸ் மை கிராண்ட்ஃபாதர்ஸ் டைம். வீ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபோர் த பெர்மிட் சின்ஸ் 2012. வீ ஹாவ் ரிட்டன் ஃபோர் லெட்டர்ஸ். வீ ஹாவ் நொட் ரிசீவ்ட் எ ரிப்ளை.’

காணி உரியதாக இருப்பதும் கிணறு இருப்பதும் நிலை, ஆகவே சிம்பிள். காத்திருப்பது மினக்கெட்டது, அதன் நீளம்தான் இந்தக் கடிதத்தின் உயிர், அங்கே கன்ரினியூஸ். நாலு கடிதம் எண்ணிக்கை, சிம்பிள். கிடைக்காத பதில் இல்லாத பலன், அதுவும் சிம்பிள். ‘வீ ஹாவ் வெயிட்டட்’ என்று எழுதினாலும் இலக்கணம் பிழைக்காது, ஆனால் அந்த அம்மா இன்றைக்கும் வாசலில் நிற்கிறா என்பது அதில் அவ்வளவாகத் தெரியாது. நான் ‘வெயிட்டிங்’ என்றுதான் எழுதினேன். உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதத்தைக் கொடுங்கோ. நாளைக்குத் தங்கள் வீட்டுக்கு அவர்களே எழுத வேண்டி வரும்.

‘ஹாவ்’ பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. கிணறு இருக்கிறது என்ற பொருளில் ‘ஹாவிங்’ வராது. ஆனால் ‘ஷி ஹாஸ் பீன் ஹாவிங் ட்ரபிள் வித் ஹர் ஐஸ்’ என்று கண்ணில் உபத்திரவம் இருப்பதைச் சொல்லலாம். ‘திங்க்’ என்பதும் இப்படித்தான்: ஓர் அபிப்பிராயத்தை வைத்திருப்பதற்கு ‘திங்கிங்’ வராது, ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டு இருந்தால் வரும். சொல்லின் பட்டியலைப் பாடமாக்கினால் இங்கே பிடிபடாது, அந்த இடத்தில் அது என்ன பொருளில் வருகிறது என்று பார்க்க வேணும்.

‘ரோட்’ சிக்கலை யாராவது எடுங்கோ, எனக்குக் கண் நோகிறது.

முகமாலைக் காற்று:

ரீச்சர், அந்தக் கடிதத்தை நான் அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

‘ரோட்’ சிக்கலுக்கு ஒரு கேள்வி போதும், தங்கச்சி. எழுவாய் அந்த வேலையைத் தானே செய்ததா, அல்லது அதற்கு யாரோ செய்தார்களா? தெரு தன்னைத்தானே திருத்தாது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 வீதியை யாரோ திருத்திவிட்டார்கள் என்றால் ‘த ரோட் ஹாஸ் பீன் ரிப்பெயர்ட்’. இது செயப்பாட்டுவினை, திருத்தப்பட்டுள்ளது. இங்கே ‘பீன்’ வந்தாலும் இது சிம்பிள்தான். திருத்துகிற ஆட்களை எழுவாயாக வைத்தால் ‘தே ஹாவ் பீன் ரிப்பெயரிங் த ரோட்’, திருத்திக்கொண்டு இருக்கிறார்கள். செயப்பாட்டுவினையில் தொடரையும் சேர்த்து ‘ஹாஸ் பீன் பீயிங் ரிப்பெயர்ட்’ என்று எழுத இலக்கணத்தில் இடம் உண்டு. ஆனால் யாரும் விரும்பிச் சொல்வதில்லை, வகுப்பில் அந்தப் பேச்சே வேண்டாம்.

இந்த வித்தியாசம் மழை நாட்களில் பெரிதாகத் தெரியும். 2018 டிசெம்பர் வெள்ளம் பிள்ளைகளுக்கு நினைவு இருக்கும், அல்லது வீட்டில் கதை கேட்டிருப்பார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் கீழே இருக்கிற ஊர்களுக்கு அறிவிக்க வேண்டும். ‘த கேட்ஸ் ஹாவ் பீன் ஓபின்ட். த வோட்டர் ஹாஸ் பீன் ரைசிங் சின்ஸ் மிட்நைட்.’ கதவுகள் திறக்கப்பட்டுவிட்டன, அது நடந்து முடிந்த விஷயம், யாரோ திறந்தார்கள். தண்ணீர் நடுச்சாமத்தில் இருந்து தானே ஏறிக்கொண்டு இருக்கிறது. இரண்டு வசனத்திலும் ‘பீன்’ இருக்கிறது. முதலாவதில் ‘ஓபின்ட்’, இரண்டாவதில் ‘ரைசிங்’. இந்த அறிவித்தலைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கோ, ‘பீன்’ வந்தால் ‘இங்’ என்ற பிடிவாதம் விட்டுப்போகும்.

இன்னொரு ‘பீன்’ இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹி ஹாஸ் பீன் டு வவுனியா’ என்றால் போய்த் திரும்பி வந்துவிட்டார். ‘ஹி ஹாஸ் கோன் டு வவுனியா’ என்றால் இன்னும் அங்கேதான், அல்லது வழியில்.

பரந்தன்சந்தி:

முகமாலை அண்ணா, ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வந்தால் சிம்பிள் என்பதாவது நிற்குமா? ‘ஓல் டே’, ‘லேட்லி’ வந்தால் என்ன?

முகமாலைக் காற்று:

‘ஆல்ரெடி’, ‘யெட்’ இரண்டும் பலன் வந்ததா வரவில்லையா என்று கேட்கிற சொற்கள், அதனால் பெரும்பாலும் சிம்பிள் வரும். ‘ஜஸ்ட்’ அப்படிக் கட்டாயம் இல்லை, ‘ஐ ஹாவ் ஜஸ்ட் பீன் டோக்கிங் டு ஹர்’ என்றும் தாராளமாகச் சொல்வார்கள். ‘ஓல் டே’, ‘ஓல் மோர்னிங்’ வந்தால் கன்ரினியூஸ் பக்கம் சாயும், நாள் முழுக்க மினக்கெட்டதைச் சொல்வதால். ‘லேட்லி’ இரண்டோடும் வரும். சொல்லைப் பார்த்துப் போடுவதைவிட, அந்தச் சொல் எதைக் கேட்கிறது என்று பார்த்துப் போட்டால் தம்பி, சோதனை மண்டபத்திலும் நேரம் மிச்சம்தான்.

ஒட்டுசுட்டான் மாலைவகுப்பு:

வருகிற புதன்கிழமைக்கு ஒரு சின்னப் பயிற்சி தயாரித்திருக்கிறேன். ரீச்சர் ஒருக்கால் பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும். அடைப்பில் இருக்கிற வினையைப் பிள்ளைகள் சரியான வடிவத்தில் போட வேண்டும்.

முதலாவது: மை மதர் ... (குக்) சின்ஸ் ஃபைவ் ஓ’குளொக். த ரைஸ் இஸ் ஸ்டில் ஒன் த ஃபயர்.
இரண்டாவது: ஷி ... (குக்) த்ரீ கறீஸ் சோ ஃபார்.
மூன்றாவது: எலிஃபண்ட்ஸ் ... (கம்) இன்டு அவர் வில்லேஜ் எவ்ரி நைட் திஸ் வீக்.
நாலாவது: ஐ ... (நோ) திஸ் டிரைவர் ஃபோர் எ லோங் டைம்.
ஐந்தாவது: யூ லுக் டயர்ட். ... யூ ... (வேர்க்) இன் த ஃபீல்ட்?

முள்ளியவளை ரீச்சர்:

நல்ல பயிற்சி, மகள். முதலாவது ‘ஹாஸ் பீன் குக்கிங்’, இரண்டாவது ‘ஹாஸ் குக்ட்’, நாலாவது ‘ஹாவ் நோன்’. இவற்றில் வாதத்துக்கு இடம் இல்லை. முதலாவதையும் இரண்டாவதையும் ஒரே அடுப்பங்கரையில் வைத்தது எனக்குப் பிடித்தது, பக்கத்தில் பக்கத்திலேயே விடுங்கோ.

யானை வசனத்துக்கு ‘ஹாவ் கம்’, ‘ஹாவ் பீன் கமிங்’ இரண்டும் சரி. இரவிரவாக வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்கின்றன என்ற அலுப்பைச் சொல்ல விரும்புகிற பிள்ளை ‘கமிங்’ எழுதும், என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிற பிள்ளை ‘கம்’ எழுதும். இரண்டுக்கும் முழுப் புள்ளி போடுங்கோ, ஏன் அப்படி எழுதினாய் என்று வாயால் கேளுங்கோ. ஒரே விடைதான் வேணும் என்றால் ‘எவ்ரி நைட்’ என்பதை எடுத்துவிட்டு ‘த்ரீ டைம்ஸ் திஸ் வீக்’ என்று போடுங்கோ. எண்ணிக்கை வந்தால் ‘ஹாவ் கம்’ மட்டும்தான்.

ஐந்தாவதற்கு ‘ஹாவ் யூ பீன் வேர்க்கிங்’. முன்னால் இருக்கிற ‘யூ லுக் டயர்ட்’ என்ற வரியை இடம் போதாது என்று வெட்டிவிடாதேங்கோ. அது இல்லாவிட்டால், வாழ்க்கையில் எப்போதாவது வயல்வேலை செய்தது உண்டா என்ற பொருளில் ‘ஹாவ் யூ வேர்க்ட்’ என்று எழுதுகிற பிள்ளைக்கும் புள்ளி போடத்தான் வேணும்.